ஓம்னி மேல் ஒரு படகு

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கும் நான் கயாக் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், ஏரியில் விடத்தான் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கத்தான் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்த ஆண்டுகளில் அது நிரம்பிக் கோடி போகும். பங்குனி பிறந்தால் தண்ணீர் ஒடுங்கத் தொடங்கிவிடும். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை பக்கத்தில்தான். ஆனால் அங்கே முதலைகள் உண்டு. சின்னப் படகை அங்கே இறக்கும் எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. ஜவ்வாது மலையில் கோமுட்டேரி படகுக் குழாம் பிள்ளைகளை அழைத்துப்போக நல்ல இடம். கழிமுகத்தில் துடுப்புப் போட்டுப் பழகிய கைக்கு அது போதாது. உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் எல்லாம் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் என் படகு தண்ணீரில் கிடந்த நேரத்தைவிட வண்டியின் கூரைமேல் இருந்த நேரம்தான் அதிகம். துடுப்புப் போடக் கற்றுத்தரப் புதுச்சேரியிலும் கோவளத்திலும் இன்று ஆள் இருக்கிறார்கள். படகைக் கட்டி எடுத்துப்போக எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். கடலில் கால் நனைத்திருக்கிறாரே தவிர, படகில் ஏறியதில்லை.

புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் துடுப்புப் பிடிக்கப் பழகினேன். பிறகு ஊர்ப்பக்கம் மாற்றலானது. 1989-இல் மாவட்டம் பிரிந்த பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்து அமைந்ததால் வளர்ந்த பகுதி வேங்கிக்கால். வீடு அங்கே அமைந்தது. கிளம்பும்போது, பழக்கமான ஒருவரிடமிருந்து பழைய கயாக் ஒன்றை வாங்கிக்கொண்டேன். பத்தடி நீளம், ஆரஞ்சு நிறம், பாலிஎத்திலீன் வார்ப்பு. உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை அல்ல, மேலே உட்காரும் வகை. எடை ஏறக்குறைய 25 கிலோ. குட்டியானையில் போட்டு அனுப்பலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். அதன் தொட்டி ஏழடிச் சொச்சம். படகின் மூன்றடி வெளியே தொங்கும். ஓட்டுநர் எப்படிக் கட்டுவார் என்பதும் தெரியாது. பெரியப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அளவு சொல்லு" என்றார். சொன்னேன்.

"நம்ம ஓம்னி நீளம் எவ்ளோ தெரியுமா? படகவிட அதான் நீளம். முன்னாடியும் நீட்டாது, பின்னாடியும் நீட்டாது. நான் வரேன், நீ எதையும் கட்டாத."

பிறகு அளந்து பார்த்தேன். மாருதி ஓம்னியின் நீளம் 3.37 மீட்டர், படகு 3.05 மீட்டர். வண்டியைக் கண்ணால் பார்த்தே நீள அகலம் சொல்லும் பழக்கம் லாரிக்காரர்களுக்கு உண்டு. அது வெறும் சாமர்த்தியம் அல்ல, பிழைப்பு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. நீட்டிய பாரத்தை அங்கேயே இறக்கவும் சொல்லலாம். பெரியப்பா அதற்கு முன்பே லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆனாலும் அவருடைய கணக்கு சட்டத்தைவிடக் கண்டிப்பானது.

ஓம்னியில் இன்னொரு வசதி இருந்தது. பழைய அம்பாசடர் போலவே அதன் கூரையோரத்தில் மழைநீர் வழியும் தகரக் காடி உண்டு. கேரியரின் கால்களை அந்தக் காடியில் கவ்வவிட்டுத் திருகிவிடலாம். பாரம் முழுவதும் வண்டியின் சட்டத்தில் இறங்கும். கூரைத் தகட்டைத் தொடாது. இப்போது வரும் கார்களில் காடி இல்லை. கூரையில் நீளமாக இரண்டு கம்பி தெரிந்தாலும், பலவற்றில் அது அழகுக்கு மட்டும் ஒட்டியது. எந்தக் கம்பி பாரம் தாங்கும், எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதெல்லாம் வண்டியோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கும். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டு குறுக்குக் குழாய்கள் அடித்து வாங்கினோம். குழாய்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவும் விடச் சொன்னார் பெரியப்பா. இரண்டு தாங்கலும் நெருங்கி இருந்தால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் படகு மூக்கு மேலும் கீழும் ஆடும். குழாய்களுக்கு மேல், ஏசி மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை உறையைச் சுற்றினோம். கிடைப்பதும் எளிது, விலையும் குறைவு.

அன்றைக்குத்தான் அவர் முதல் பாடத்தைச் சொன்னார். நான் கேட்ட கேள்வி சாதாரணமானது. "இது வெறும் இருபத்தஞ்சு கிலோதான் பெரியப்பா, மூட்டையெல்லாம் கட்டின உங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்?"

"ஆரணி அரிசி மூட்ட ஏத்தினா எனக்குத் தூக்கம் வரும். மல்லாட்ட மூட்ட ஏத்தினாலும் பரவால்ல. வைக்கோல் ஏத்தினாதான் ராத்திரி பூரா முழிச்சிருப்பேன். கனமா இருக்கறது தன்னால உக்காந்துக்கும். லேசா இருக்கறதுதான் பறக்கப் பாக்கும். உன் படகு வைக்கோல் ஜாதி."

இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கவிழ்த்து வைத்த கயாக்கின் அடிப்பக்கம் வளைவானது. எதிர்க்காற்று அதன் மூக்குக்கு அடியில் புகுந்தால் மேலே தூக்கும். பக்கத்தில் அடித்தால் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். நாற்பதில் போகும்போது அசையாத படகு எண்பதில் துடிக்கத் தொடங்குவது அதனால்தான். எதிரே பேருந்து ஒன்று விரைந்து வந்து கடக்கும் அந்த ஒரு நொடியில் காற்று முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். வைக்கோல் பாரம் ஓட்டியவருக்கு இதெல்லாம் தோளில் தெரியும். எனக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்தது.

திண்டிவனம் நாற்கரச் சாலையில் ஒருநாள் கண்ணெதிரே நடந்தது இன்னும் மறக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போன சிறிய சரக்கு வண்டி ஒன்றில் வீட்டுச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நுரை மெத்தை. அதை டியூப் ரப்பரால் கட்டியிருந்தார்கள். மேம்பாலம் ஏறியதும் மெத்தை மெல்ல எழும்பி நின்றது. ரப்பர் இழுபட்டது. பிறகு அது காற்றில் மிதந்து, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விழுந்தது. ஓட்டியவர் பிரேக்கை அழுத்தி வண்டியோடு சறுக்கினார். முழங்கையும் முட்டியும் உரிந்து ரத்தம். பின்னால் நாங்கள் தள்ளி வந்துகொண்டிருந்ததால் அதோடு போயிற்று. பெரியப்பா இறங்கி அவரைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். திரும்பி வந்து ஸ்டியரிங் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பத்து கிலோ இருக்குமா அந்த மெத்த? பின்னாடி வரவன் டிவிஎஸ்ல பொண்டாட்டி புள்ளையோட வருவான்டா. அவன நெனச்சி கட்டணும். நம்ம சாமான நெனச்சி கட்டக் கூடாது."

சைக்கிள் டியூபையும் லாரி டியூபையும் கிழித்த ரப்பர் பட்டை எங்கள் பக்கத்தில் எல்லா டூவீலர்களிலும் சுற்றிக் கிடக்கும். காய்கறிக் கூடைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் அது நன்றாக உதவும். இழுத்தால் நீள்வதுதான் அதன் குணம். படகு காற்றில் எழும்பும்போது அதுவும் கூடவே நீளும். படகுக்கு வேண்டியது நீளாத கட்டு. பாலியஸ்டர் பட்டை அதிகம் நீளாது. நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீண்டு தளரும். காலையில் விண்ணென்று இருந்த நைலான், செஞ்சியில் ஒரு மழை பிடித்தால் திண்டிவனத்தில் தொய்ந்து தொங்கும். இதனால் நடுக்கட்டுக்குச் சென்னையிலிருந்து வரவழைத்த பாலியஸ்டர் பட்டைகள், முன்னும் பின்னும் இழுத்துக் கட்டப் பெரியப்பாவின் கயிறு என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

பட்டையின் பக்கிளை அவர் முதலில் நம்பவில்லை. பல் பதித்த ஒரு நாக்கு மட்டும் பட்டையைக் கவ்விப் பிடிக்கும் எளிய பக்கிள் அது. பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டி இறுக்கும் ராட்செட் இருக்கிறதே, அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். ஒரு நண்பரின் ராட்செட்டை வாங்கிவந்து நாங்களே இரண்டையும் போட்டுப் பார்த்தோம். ராட்செட் ஐந்தாறு சொடுக்கிலேயே படகின் உடல் உள்ளே குழிந்தது. வெயிலில் பாலிஎத்திலீன் இளகிவிடும். அந்த நேரத்தில் விழுந்த பள்ளம் அப்படியே தங்கிவிடலாம். "இது இரும்புக் கம்பி கட்டற சாமான்" என்று ராட்செட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கைப்பலத்தால் மட்டும் இறுக்கும் பக்கிளில் அளவு மீற முடியாது. ஒரு குறை உண்டு. பட்டையைப் படகுக்கு மேலாக மறுபக்கம் வீசும்போது பக்கிள் போய்க் கண்ணாடியில் அடிக்கும். பெரியம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பக்கிளைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். அந்த உறைகள் இன்றும் இருக்கின்றன.

படகைக் கவிழ்த்துத்தான் வைப்போம். மேலே உட்காரும் வகைப் படகுக்கு ஓரங்கள்தான் பலம். அவை குழாயில் பதிந்தால் அடிப்பகுதி நசுங்காது. மல்லாத்தி வைத்தால் மழைநீர் தேங்கி எடை கூடும். பட்டையைக் கேரியர் குழாய்க்கு அடியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். குழாய்க்கு வெளிப்பக்கம் விட்டால் படகு பக்கவாட்டில் நகர இடம் கிடைக்கும். தொங்கும் மிச்சத்தைச் சுருட்டிக் கதவிடுக்கில் செருக வேண்டும். இல்லாவிட்டால் அது நூறு கிலோமீட்டரும் தகரத்தைத் தட்டிக்கொண்டே வரும். இழுத்துக் கட்டிய பட்டை காற்றில் அதிர்ந்து ஒரு விசில் சத்தம் எழுப்பும். பட்டையில் ஒரே ஒரு முறுக்கு விட்டால் அந்த அதிர்வு நின்றுவிடும். இது பெரியப்பாவுக்கே புதிது. முறுக்கை எடுத்தும் விட்டும் ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிள்ளையின் சந்தோஷம் அவர் முகத்தில்.

முன்கட்டும் பின்கட்டும் அவருடைய பகுதி. ஓம்னிக்கு முன்மூக்கு கிடையாது. படகின் நுனியிலிருந்து கயிறு கண்ணாடிக்கு நேர்முன்னால் இறங்கும். ஒற்றைக் கயிறு ஓட்டுபவரின் பார்வையில் குறுக்கே நிற்கும், துடைப்பானுக்கும் இடைஞ்சல். அதனால் நுனியில் ஒரு வளையம் போட்டு, அங்கிருந்து இரண்டு கயிறுகளைப் பம்பரின் இரண்டு முனைக்கும் விரித்துக் கட்டினார். கயிற்றின் நடுவில் ஒரு கண் விட்டு, முனையைக் கீழே கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணில் நுழைத்து இழுப்பார். லாரியில் தார்ப்பாய் கட்டும் எவரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். கணக்குப்படி கை இழுப்புக்கு மூன்று மடங்கு இறுக்கம் கிடைக்க வேண்டும். கயிற்றின் உரசலில் நிறையப் போய்விடும். போனதுபோக மிஞ்சுவதே ஒரு படகுக்கு ஏராளம். "முன்கயிறு இறுகக் கட்டாத, நிக்கற மாதிரி கட்டு" என்பார். முன்கயிற்றை அளவுக்கு மீறி இழுத்தால் படகே வில்லாக வளையும். படகைப் பிடித்திருப்பது நடுப்பட்டை. பட்டை அறுந்தாலோ கேரியர் கழன்றாலோ படகு சாலைக்குப் போகாமல் தடுப்பது முன்கயிறு.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து வலமும் இடமும் உலுக்குவார். படகு கேரியர்மேல் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். படகோடு சேர்ந்து வண்டியே நான்கு சக்கரத்தின்மேல் ஆடினால் கிளம்பலாம்.

பெரியப்பாவுக்குக் கட்டு என்பதில் இருந்த பற்றுக்கு வேறொரு வேரும் உண்டென்று நினைக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய நாள் என்னை அழைத்துப்போய்க் கொப்பரை மலையேறுவதைக் காட்டுவார். ஆள் உயரக் கொப்பரையை மூங்கில் கழிகளில் கயிற்றால் பிணைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, 2,668 அடி உயர மலையின் உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். அதைச் சுமப்பதும், உச்சியில் தீபம் ஏற்றுவதும் பர்வதராஜகுலத்தார் உரிமை. ஏரியிலும் ஆற்றிலும் வலை வீசிய மீனவர் மரபு அது. கடலில்லாத ஊரில், நெருப்பை மலையுச்சிக்குக் கொண்டுபோகும் வேலை படகும் வலையும் அறிந்தவர்கள் கையில் இருப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. "பாரு, ஒருத்தர் கால் வழுக்கினாலும் மத்தவங்க தோள்ல நிக்கும், அப்டி கட்டியிருக்காங்க" என்பார் பெரியப்பா. சாமி கும்பிடுவதற்கு முன்னால் அவர் கண் போவது முடிச்சுக்குத்தான்.

வேங்கிக்காலிலிருந்து விடிவதற்கு முன் கிளம்புவோம். காலையில் கடற்காற்று தொடங்கியிருக்காது. கிழக்கே போகும்போது எதிர்க்காற்று இல்லாமல் பாதித் தூரம் ஓடிவிடும். வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து காற்று புறப்படும். மாலையில் மேற்கே திரும்பும்போது அது முதுகுப்பக்கம். ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு செல்லாது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று செஞ்சிப் பாறைக்குன்றுகளைத் தாண்டியதும் திறந்த வயல்வெளியில் வந்து மோதும். ஓம்னி உயரமானது, எடை குறைந்தது, படகில்லாமலே அந்தக் காற்றில் ஆடும். அம்மி பறக்கும் மாதத்தில் படகை வெளியே எடுப்பதில்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நானும் மீறியதில்லை. மற்ற மாதங்களிலும் அறுபதுக்கு மேல் முள் போகாது.

முதல் நிறுத்தம் எப்போதும் ஊரைத் தாண்டிய சில கிலோமீட்டரிலேயே. படகும் பட்டையும் அதற்குள் குலுங்கித் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் இறுகியிருந்த பட்டை அப்போது விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். இந்த நிறுத்தத்தைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த நிறுத்தம் செஞ்சியில் டீக்கடை. வேகத்தடைகள் எத்தனை என்று இந்தச் சாலையில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் முடிச்சை ஒருமுறை குலுக்கிப் பார்க்கும். டீ ஆறுவதற்குள் நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்துவிடுவோம். இறக்கைபோல் கிளை விரித்த புளியமரங்கள் நிற்கும் பழைய கிளைச்சாலைகளில் நுழையும்போது ஒருவர் இறங்கி முன்னால் நடப்பார். தரையிலிருந்து படகின் முதுகு வரை எத்தனை அடி என்பதை எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்தோம். ரயில் சுரங்கப்பாலங்களுக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்புக் கம்பியைப் பார்த்ததும் கண் அந்தச் சீட்டுக்குப் போகும்.

தேர்தல் நேரத்து வாகனச் சோதனை ஒன்றில் நிறுத்தினார்கள். இளம் காவலர் ஒருவர் படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன இருக்குது சார்?" என்றார். காற்று என்று சொல்லி மூடியைத் திறந்து காட்டினேன். அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு முன்கயிற்றை இழுத்துப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கீங்க, போங்க" என்றார். பெரியப்பா அதை வீட்டில் எல்லாரிடமும் சொன்னார்.

உள்ளே காற்றுதான் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே உட்காரும் கயாக் ஒரு மூடிய குடுவை. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து உடலை உப்பவைக்கும், மூடிகளின் ஒட்டு பிரியும். ஏற்றும்போதே தண்ணீர் வடிக்கும் திருகைத் தளர்த்திவிட வேண்டும். இறக்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். அந்தத் திருகை எடுத்துப் பையில் போட்டால் தொலையும். அதனால் நூலால் படகோடு கட்டிவைத்திருக்கிறோம். வெயில் இன்னொன்றும் செய்யும். மூன்று மீட்டர் பாலிஎத்திலீன் 20 பாகை கூடச் சூடானால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட நீளும். சித்திரை மதியத்தில் கொதிக்கும் படகைக் கட்டி, மாலையில் குளிர்ந்த பிறகு பார்த்தால் கட்டு தளர்ந்திருக்கும். திருவண்ணாமலை வெயிலில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பகலில் மலைப்பாறை குடித்த சூடு இரவெல்லாம் ஊரில் இறங்கும்.

துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டையும் பற்றிப் பெரியப்பாவுக்கு என்னோடு கொஞ்ச நாள் வாக்குவாதம். படகுக்குள்ளேயே கட்டிவிடலாமே என்பது அவர் எண்ணம். கூரைமேல் தனித்தனியாகக் கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதும் ஒப்புக்கொண்டார். அது அவர் சொன்ன பாடம்தானே. துடுப்பை இரண்டாகக் கழற்றிப் போர்வையில் சுற்றி, பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் தரையோடு வைப்போம். இருக்கைகளுக்கு நடுவில் நீளவாட்டில் வைத்தால், திடீரென்று பிரேக் போடும்போது அது நேராக முன்னால் பாயும். ஃபைபர் தண்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் அலைக்கு நடுவில் அந்த இடத்தில்தான் முறியும். லைஃப் ஜாக்கெட்டின்மேல் எதையும் அடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை நசுங்கினால் மிதக்கும் சக்தி குறையும். நாள்முழுக்க வெயிலில் மூடிய காருக்குள் போட்டுவைப்பதும் அதைக் கெடுக்கும். போனவுடன் எடுத்து நிழலில் தொங்கவிடுவோம். திரும்பி வந்த இரவே, எவ்வளவு அசதியானாலும், பட்டை, பக்கிள், கேரியர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு ஏறிய பக்கிளின் நாக்கு பிடிக்காமல் வழுக்கும் நாள், நீங்கள் எதிர்பார்க்காத நாளாக இருக்கும்.

புதுச்சேரிக் கரையில் மீனவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுக்கு மாறியவர். அவருடைய அப்பாவின் கட்டுமரத் துண்டுகள் இன்னும் வீட்டோரம் கிடக்கின்றன. கடலுக்குப் போகும்போது கயிற்றால் பிணைத்து, திரும்பியதும் அவிழ்த்துக் காயவைப்பார்களாம். ஒவ்வொரு நாளும் படகைக் கட்டி, ஒவ்வொரு நாளும் அவிழ்த்த வாழ்க்கை. பெரியப்பாவும் அவரும் மணலில் உட்கார்ந்து முடிச்சுகளைப் போட்டுக் காட்டிக்கொள்வார்கள். நான் கழிமுகத்தில் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் அவர்களுக்குள் பேச்சு முடிந்திருக்காது. என்னோடு ஒருமுறையாவது படகில் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "நீ போ, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்பார்.

2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே நகராமல் நின்றது. டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். கீழே விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. வீட்டில் படகு இருப்பதை அறிந்த பக்கத்துத் தெருப் பையன்கள் ஓடிவந்தார்கள். "எடுத்துட்டுப் போலாம் சார், யாராவது மாட்டிக்கிட்டு இருப்பாங்க." அவர்கள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. பெரியப்பா சொன்னார். ஓடும் வெள்ளத்துக்கு இந்தப் படகு ஆகாது, அந்தக் காற்றில் கூரைமேல் ஏற்றினால் போகும் வழியிலேயே இன்னொருவர் உயிருக்கு ஆபத்து. படகைத் திண்ணையில் தூணோடு சேர்த்து நான்கு இடத்தில் கட்டிவைத்தோம். பையன்களோடு சேர்ந்து நாங்கள் பால் பாக்கெட்டும் குடிநீரும் கொண்டுபோனோம்.

மீட்புப் படைகள் ஏன் காற்றடைத்த ரப்பர் படகுகளை வைத்திருக்கின்றன என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. தண்ணீரில் அவற்றுக்கு இருக்கும் நிலைப்பு ஒரு காரணம். அதே அளவு முக்கியமான காரணம், மடித்து லாரிக்குள் போட்டால் எந்தக் காற்றிலும் மழையிலும் சாலையில் ஓடலாம் என்பது. வெள்ளம் வந்த இடத்துக்குப் படகு முதலில் தரைவழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13. மண்சரிவுக்குப் பிறகு பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையை மட்டும் சுமப்பவர்கள் கொண்டுபோனார்கள். நனைந்து இளகிக் கிடந்த மலையில் அவர்கள் ஏறியதை நினைத்துப் பெரியப்பா அன்று முழுக்க நிலைகொள்ளாமல் இருந்தார். மாலையில் உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் சாப்பிட்டார்.

ஓம்னி இப்போது ஓடுவதில்லை. படகை என் மகள் எடுத்துக்கொண்டாள். சென்னையில் வேலை, சிறிய கார், அதில் காடி இல்லை. கதவுச் சட்டத்தில் கவ்வும் கேரியர் ஒன்று அந்த மாடலுக்கென்றே கிடைத்தது. முன்கயிறு கட்டத்தான் இடமில்லை. இப்போதைய பம்பர்கள் வெறும் பிளாஸ்டிக் உறை, அடியில் கொக்கி தெரியாது. பானெட்டைத் திறந்து, பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டைக் கழற்றி, ஓட்டை போட்ட பட்டைத் துண்டை மடித்து அதே போல்ட்டில் மாட்டி இறுக்கினோம். வேண்டியபோது பானெட் இடுக்கின் வழியே வெளியே எடுத்தால் இரண்டு வளையங்கள் தயார். வேண்டாதபோது உள்ளே தள்ளி மூடிவிடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு பெரியப்பா அந்த போல்ட்டுகளைத் தானே முடுக்கினார். அவள் படகு அவளுடைய காரைவிடச் சற்று நீளம் குறைவுதான். இருந்தாலும் பின்னுனியில் சிவப்புத் துணி கட்டாமல் விடமாட்டாள்.

போன மாசியில் இங்கிருந்து கிளம்பினாள். உலுக்கிப் பார்த்தாள், கார் ஆடியது. பெரியப்பா நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. செஞ்சியில் நிறுத்தியிருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, பின் பட்ட விரல் நுழையற அளவுக்கு லூஸ் ஆயிருந்துது. இறுக்கிட்டேன். தாத்தாகிட்ட சொல்லுங்க."

"கேக்குது" என்றார் பெரியப்பா. "முன்கயிறு பாத்தியா?"

"பாத்தேன் தாத்தா. நிக்குது."

"சரி, அறுபதுல போ. திண்டிவனத்துல நிறுத்தி இன்னொரு வாட்டி பாரு."